ஐடிஇ-யின் பொத்தான்களை வைத்தே கிட் கற்றுக்கொள்ளலாமா?

முதற்கிளை:

நிரலாக்கம் கற்கத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் பதிந்து வைக்கும் கருவியான கிட் எனக்கு அறிமுகமானதே ஐடிஇ-யின் (நிரல் எழுதும் செயலியின்) இடப்பக்கப் பட்டையில் இருக்கும் கிளை பிரியும் சின்னத்தின் வழியாகத்தான். அதைத் திறந்தால் ஒரு செய்திப் பெட்டி, அதன் கீழே மாற்றங்களை வரலாற்றில் பதியும் கமிட் பொத்தான், கமிட் முடிந்ததும் அதே இடத்தில் தோன்றும் சிங்க் பொத்தான். இந்த மூன்றையும் தாண்டி நான் எதையும் தொட்டதில்லை. தொட வேண்டிய தேவையும் நேற்று வரை வரவில்லை.

நேற்று மாலை ஒரு கோப்பில் செய்த மாற்றத்தை மட்டும் கைவிட நினைத்தேன். கோப்பின் பெயருக்கு அருகில் வளைந்த அம்புக்குறி ஒன்று இருப்பது தெரியும். ஆனால் நான் சொடுக்கியது 'மாற்றங்கள்' என்ற தலைப்பு வரியில் இருந்த அம்பை. எச்சரிக்கை ஒன்று வந்தது. அவசரத்தில் அதைப் படிக்காமலே ஆம் என்று அழுத்திவிட்டேன். மாற்றியிருந்த ஒன்பது கோப்புகளும் முந்தாநாள் நிலைக்குப் போய்விட்டன.

எனக்கு இரண்டு கேள்விகள். போனவற்றை மீட்க வழி உண்டா? கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் முறையாகக் கற்காமல் ஐடிஇ-யில் தொடங்கியதுதான் தவறா?

கருந்திரை:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன், அதற்குத்தான் அவசரம். ஐடிஇ-யை மூடாதீர்கள். அந்த ஒன்பது கோப்புகளில் எவையெல்லாம் இன்னும் டேப்பில் திறந்திருக்கின்றனவோ அவற்றுக்குள் சென்று கன்ட்ரோல் இசட் அழுத்திப் பாருங்கள். கோப்பு வெளியிலிருந்து மாற்றப்பட்டாலும், எடிட்டர் தன் நினைவில் வைத்திருக்கும் பழைய நிலைகளைப் பெரும்பாலும் உடனே கைவிடுவதில்லை.

மூடிய கோப்புகளுக்கு ஐடிஇ-யின் சொந்த வரலாற்றைப் பாருங்கள். வி.எஸ். கோட் எடிட்டரில் 2022 மார்ச் மாதப் பதிப்பிலிருந்து, நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நகல் டைம்லைன் பலகத்தில் சேர்கிறது. இயல்பான அமைப்பில் ஒரு கோப்புக்கு 50 நகல்கள் வரை இருக்கும். ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் ஐடிஇ-களில் லோக்கல் ஹிஸ்டரி என்ற பெயரில் இதே வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. இவை எதற்கும் கிட்டோடு தொடர்பில்லை என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று: அந்தக் கோப்புகளில் எதையாவது கூட்டல் குறியை அழுத்தி ஸ்டேஜ் செய்துவிட்டு, அதாவது அடுத்த கமிட்டுக்கென எடுத்து வைத்துவிட்டு, பிறகு கழித்தல் குறியால் திரும்ப எடுத்தீர்களா?

முதற்கிளை:

ஆறு கோப்புகள் கன்ட்ரோல் இசட்டிலேயே வந்துவிட்டன. இரண்டு டைம்லைனில் கிடைத்தன. ஒன்பதாவது கோப்பு மட்டும் எங்கும் இல்லை. அதை உருவாக்கும் ஒரு ஸ்கிரிப்ட்தான் எழுதியதே தவிர நான் எடிட்டரில் திறந்து சேமிக்கவே இல்லை, அதனால் டைம்லைனிலும் பதிவாகவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது போல, அதைக் காலையில் ஸ்டேஜ் செய்துவிட்டு, இன்னும் முடியவில்லை என்று திரும்ப எடுத்தது நினைவிருக்கிறது.

கருந்திரை:

அப்படியானால் அதுவும் கிடைக்கும். ஒரு கோப்பை ஸ்டேஜ் செய்த நொடியிலேயே அதன் உள்ளடக்கத்தை கிட் தன் களஞ்சியத்துக்குள், அதாவது பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் இடத்துக்குள், எழுதிவிடுகிறது. பிறகு நீங்கள் அதை ஸ்டேஜிலிருந்து எடுத்தால் பட்டியலிலிருந்து பெயர் போகுமே தவிர, எழுதிய உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. டெர்மினலைத் திறந்து 'கிட் எஃப்எஸ்சிகே' என்ற கட்டளையை 'லாஸ்ட் ஃபவுண்ட்' என்ற தெரிவோடு இயக்குங்கள். கிட் தன் தரவை வைத்திருக்கும் டாட் கிட் கோப்புறைக்குள் லாஸ்ட் ஃபவுண்ட் என்றொரு கோப்புறை உருவாகும். அதற்குள் 'அதர்' என்ற இடத்தில் 40 எழுத்தும் எண்ணும் கலந்த பெயரோடு சில கோப்புகள் இருக்கும். பெயரைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

முதற்கிளை:

கிடைத்துவிட்டது! ஐந்து கோப்புகள் இருந்தன, நான்காவது என்னுடையது. காலையில் இருந்த நிலைதான் கிடைத்தது, மாலையில் சேர்த்தவை இல்லை. ஆனாலும் முக்கால்வாசி வேலை மீண்டது. மிக்க நன்றி. இரண்டாவது கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

கருந்திரை:

என் கருத்து உங்களுக்குக் கசக்கலாம். ஒரு மாதம் அந்தப் பலகத்தையே மறைத்துவிட்டு, எல்லாவற்றையும் டெர்மினலில் செய்யுங்கள்.

பொத்தான்களின் பெயர்கள் ஒவ்வொரு ஐடிஇ-யிலும் வேறு. மாற்றத்தைக் கைவிடுவது ஒன்றில் டிஸ்கார்ட், இன்னொன்றில் ரோல்பேக். சிங்க் என்று ஒரு தனிக் கட்டளை கிட்டில் கிடையாது. அது புல் (சர்வரில் இருப்பதை வாங்குவது), புஷ் (நம்முடையதை அனுப்புவது) என்ற இரண்டு வேலைகளை ஒரே பெயரில் மூடி வைத்திருக்கிறது. புல் செய்யும்போது முரண் (ஒரே இடத்தை இருவர் வேறு வேறாக மாற்றியிருப்பது) வந்தால், தான் அழுத்தியது எதையோ அனுப்பும் பொத்தான் என்று நம்பியிருப்பவருக்கு, அனுப்பப் போன இடத்தில் தன் கோப்புகள் ஏன் மாறின என்பதே விளங்காது. நாளைக்கே ஒரு சர்வரில் நுழைந்து வேலை பார்க்க நேர்ந்தால் அங்கே உங்கள் ஐடிஇ இருக்காது, கட்டளைகள் மட்டுமே இருக்கும்.

பச்சைக்கோடு:

இந்த அறிவுரையைக் கேட்டு கிட்டையே கைவிட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும் என்பதால் மறுத்து எழுதுகிறேன்.

கமிட் செய்வதற்கு முன் என்ன மாறியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பதுதான் பதிப்புக் கட்டுப்பாட்டில் முதலில் வர வேண்டிய பழக்கம் என்பது என் எண்ணம். அதற்கு ஐடிஇ போன்ற இடம் வேறில்லை. பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில், நீங்கிய வரி சிவப்பில், சேர்ந்த வரி பச்சையில், ஒரே வரிக்குள் மாறிய சொல் மட்டும் இன்னும் அழுத்தமான நிறத்தில் தெரிகின்றன. சோதனைக்காக எழுதி மறந்துபோன ஒரு பிரிண்ட் வரி கண்ணில் படுவது அங்கேதான்.

அடுத்து, ஒரே கோப்பில் ஒரு பிழைத்திருத்தமும் தொடர்பே இல்லாத ஒரு பெயர் மாற்றமும் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐடிஇ-யில் பிழைத்திருத்தத்தின் நான்கு வரிகளை மட்டும் தெரிவு செய்து ஸ்டேஜ் செய்து ஒரு கமிட், மீதியை இன்னொரு கமிட் என்று அரை நிமிடத்தில் முடிக்கலாம். டெர்மினலில் இதையே 'கிட் ஆட்' கட்டளையின் பேட்ச் முறையில் செய்ய வேண்டும். அது ஒவ்வொரு துண்டாகக் காட்டி, சேர்க்கவா, விடவா, இன்னும் உடைக்கவா என்று ஓரெழுத்துப் பதில் கேட்டுக்கொண்டே போகும். நான்கு மாதம் ஆனவரை அதில் உட்கார வைப்பது நீச்சல் பழக வந்தவரைக் கிணற்றில் தள்ளுவது போன்றது.

நண்பர் முதற்கிளைக்கு நேர்ந்ததும் பொத்தானால் நேர்ந்ததாக நான் கருதவில்லை. டெர்மினலில், மாற்றங்களைக் கைவிடும் 'கிட் ரீசெட் ஹார்ட்' கட்டளையை அடித்திருந்தால் அந்த எச்சரிக்கைகூட வந்திருக்காது.

பழைய_கீபோர்டு:

இருவர் சொல்வதும் சரியாக இருப்பதால்தான் இந்த வாதம் பல ஆண்டுகளாக முடியாமல் நடக்கிறது. நான் சிவிஎஸ் என்ற பழைய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் தொடங்கி, அடுத்து வந்த சப்வெர்ஷனில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, கிட்டுக்கு வந்தவன். அந்த இரண்டிலும் கமிட் என்றால் சர்வருக்கு அனுப்புவது என்றே பொருள். வலையிணைப்பு இல்லாமல் கமிட் செய்ய முடியாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் பயன்பட்டு வந்த பிட்கீப்பர் என்ற இதே வகைக் கருவியின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டதால் 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். அதில் வரலாறு முழுவதும் ஒவ்வொருவருடைய கணினியிலும் இருக்கிறது, கமிட் உங்கள் கணினியோடு முடிந்துவிடுகிறது, அனுப்புவது தனி வேலை. கமிட்டையும் புஷ்ஷையும் சேர்த்தே அழுத்தும் பொத்தான்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சப்வெர்ஷன் காலத்துக் கைப்பழக்கம் இன்னும் சாகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

முதற்கிளை, பொத்தானா கட்டளையா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் கோப்பு ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் இருக்கிறது: எடிட்டரில் நீங்கள் திருத்தும் கோப்புறை, ஸ்டேஜ், கமிட்டுகள் அடங்கிய களஞ்சியம். அந்தப் பலகத்தில் இருக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு பொத்தானும் இந்த மூன்றில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எதையோ நகர்த்துகிறது. கூட்டல் குறி கோப்புறையிலிருந்து ஸ்டேஜுக்கு. கமிட் ஸ்டேஜிலிருந்து களஞ்சியத்துக்கு. நீங்கள் அழுத்திய வளைந்த அம்பு எதிர்த்திசையில், ஸ்டேஜில் இருப்பதை எடுத்துக் கோப்புறையின் மேல் எழுதுகிறது. எந்தப் பொத்தானை அழுத்தும் முன்பும் எங்கிருந்து எங்கே என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இடத்தின் மேல் எழுதும் பொத்தான்கள்தாம் ஆபத்தானவை, ஏனென்றால் அங்கே இருப்பதற்கு மட்டும் கிட்டிடம் நகல் கிடையாது. கமிட் ஆகிவிட்ட எதையும் தொலைப்பது கடினம். கமிட்டுகளின் தனி வரிசையான கிளையையே அழித்தாலும், அந்தக் கமிட் உங்கள் கணினியில் நடந்ததாக இருந்தால், இயல்பான அமைப்பில் குறைந்தது 30 நாட்களுக்கு ரீஃப்லாக்கின் (நீங்கள் நின்ற கமிட்டுகளை கிட் குறித்து வைக்கும் பதிவேடு) வழியாக அதை மீட்க முடியும்.

இரண்டு பயிற்சிகள் சொல்கிறேன். ஒரு வெற்றுக் கோப்புறையில் புதிய களஞ்சியம் ஒன்றை உருவாக்கி, மூன்று கமிட் செய்துவிட்டு, டாட் கிட் கோப்புறையைத் திறந்து ரெஃப்ஸ், அதற்குள் ஹெட்ஸ் என்று போய் உங்கள் கிளையின் பெயரில் இருக்கும் கோப்பை எடிட்டரில் பாருங்கள். அடுத்து, ஐடிஇ-யின் அவுட்புட் பலகத்தைத் திறந்து அதன் பட்டியலில் கிட் என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஜெட்பிரெயின்ஸ்காரர்களுக்கு கிட் சாளரத்தில் கன்சோல் என்ற டேப் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு பொத்தான்களை அழுத்துங்கள். ஐடிஇ உங்கள் சார்பில் என்ன கட்டளைகளை இயக்குகிறது என்பது அங்கே வரிசையாக ஓடும்.

முதற்கிளை:

இரண்டையும் இன்று செய்து பார்த்தேன். கிளை என்பது கோப்புறைகளின் பெரிய நகலாக இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். திறந்து பார்த்தால் ஒரே வரி, அதில் 40 எழுத்துகள், வேறொன்றும் இல்லை. நான்காவது கமிட் செய்ததும் அந்த வரி என் கண் முன்னே மாறியது.

அவுட்புட் பலகத்தில் சிங்க் அழுத்தியபோது முதலில் ஒரு புல், அதன் பிறகு ஒரு புஷ் ஓடியதைப் பார்த்தேன். வளைந்த அம்பை அழுத்தியபோது ஓடியது 'செக்கவுட்' என்ற கட்டளை. இது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. செக்கவுட் என்பது ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போவதற்கானது என்றல்லவா படித்தேன்?

கருந்திரை:

இரண்டுக்கும் அதுதான். கிளையின் பெயரைக் கொடுத்தால் கிளை மாறும். கோப்பின் பெயரைக் கொடுத்தால் நீங்கள் திருத்திய கோப்பின் மேல் பழையது எழுதப்படும். முதலாவது, நீங்கள் கமிட் செய்யாத மாற்றத்துக்கு இழப்பு வரும் என்றால் மறுத்துவிடும். இரண்டாவது கேள்வியே கேட்காது. ஒரே பெயரில் இப்படி இரண்டு குணங்கள் இருந்தது பலரையும் குழப்பியதால் 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் கிளை மாற்றுவதற்கு 'ஸ்விட்ச்', கோப்பை மீட்பதற்கு 'ரெஸ்டோர்' என்று தனித்தனிக் கட்டளைகள் சேர்க்கப்பட்டன. பழைய கட்டளையும் இன்னும் வேலை செய்கிறது என்பதால் கருவிகள் பல அதையே பயன்படுத்துகின்றன.

அந்த அவுட்புட் பலக யோசனை எனக்குத் தோன்றவில்லை. நல்ல யோசனைதான்.

நடுநிசி_நிரலர்:

இழையைப் படித்து வந்தவன், இடையில் ஒரு கேள்வி. முரண் வரும்போது ஐடிஇ காட்டும் 'கரன்ட்', 'இன்கமிங்' என்ற இரண்டு தெரிவுகளில் கரன்ட் என்றால் நான் எழுதியது, இன்கமிங் என்றால் மற்றவர் எழுதியது என்று வைத்துக்கொண்டு பல மாதங்கள் சிக்கலின்றி ஓட்டினேன். போன வாரம் மெயின் (முதன்மைக்) கிளையின் மேல் என் கிளையை ரீபேஸ் செய்தபோது வந்த முரணில் அதே கணக்கில் கரன்ட் அழுத்தினேன். என் வேலை போய் மற்றவருடையது நின்றது. இது ஐடிஇ-யின் பிழையா?

பழைய_கீபோர்டு:

பிழை இல்லை, ஆனால் ஒரு முறையாவது இதில் விழாதவர்கள் குறைவு. நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

மெர்ஜ் செய்யும்போது, அதாவது மெயினை உங்கள் கிளையோடு இணைக்கும்போது, நீங்கள் உங்கள் கிளையிலேயே நிற்கிறீர்கள். மெயின் உள்ளே வருகிறது. ஆகவே கரன்ட் உங்களுடையது. ரீபேஸ் செய்யும்போது கிட் முதலில் உங்களை மெயினின் நுனிக்குக் கொண்டு போய் நிறுத்துகிறது. பிறகு உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் மேல் மீண்டும் இடுகிறது. அந்த நொடியில் நீங்கள் நிற்கும் இடம் மெயின், உள்ளே வருவது உங்கள் சொந்தக் கமிட். அதனால்தான் கரன்ட் என்பது மற்றவருடையதாக மாறிவிட்டது. கட்டளை வரியிலும் 'அவர்ஸ்', 'தேர்ஸ்' என்ற சொற்கள் இதே போலத்தான் இடம் மாறும்.

பட்டனை நம்பாமல் கோப்புக்குள் இருக்கும் குறிகளைப் படியுங்கள். <<<<<<< என்று ஏழு குறிகளோடு தொடங்கும் வரியிலும் >>>>>>> என்று முடியும் வரியிலும், அந்தப் பகுதி எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கும். ரீபேஸில் முடியும் வரியில் உங்கள் கமிட்டின் செய்தியே தெரியும். பல நேரங்களில் சரியான விடை இரண்டில் ஒன்றாக இராது, இரண்டையும் படித்துக் கையால் எழுத வேண்டிய மூன்றாவது ஒன்றாக இருக்கும். உங்கள் வேலை போய்விட்டதாக வருந்தவும் வேண்டாம். ரீபேஸுக்கு முந்தைய கமிட்டுகள் ரீஃப்லாக்கில் இருக்கும், அவற்றின் மேல் ஒரு புதிய கிளையை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுநிசி_நிரலர்:

ரீஃப்லாக்கில் இருந்தது, எடுத்துக்கொண்டேன். நன்றி ஐயா.

பச்சைக்கோடு:

மாற்றங்களைப் படிப்பது பற்றி நான் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வரியைத் திருத்தியிருப்பீர்கள். திறந்து பார்த்தால் கோப்பு முழுவதும் சிவப்பும் பச்சையுமாக இருக்கும். இதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணம். சேமிக்கும்போது தானாக ஓடி நிரலைச் சீரமைக்கும் ஃபார்மேட்டர் இடைவெளிகளை எல்லாம் மாற்றியிருக்கும். அல்லது விண்டோஸ் வரியின் முடிவில் இரண்டு எழுத்துகளையும் லினக்ஸும் மேக்கும் ஓர் எழுத்தையும் இடுவதால் எல்லா வரிகளும் மாறியதாகத் தெரியும். முன்னதற்கு ஃபார்மேட் செய்வதையே தனிக் கமிட்டாக்கிவிடுங்கள். பின்னதற்கு, கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பு ஒன்றைக் களஞ்சியத்திலேயே வைத்து வரிமுடிவை நிர்ணயித்துவிட்டால் குழுவில் உள்ள அனைவருக்கும் ஒரே விதி பொருந்தும்.

முதற்கிளை:

ஒரு சிறிய சந்தேகம். கடவுச்சொல் இருக்கும் அமைப்புக் கோப்பு ஒன்றை கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றின் பட்டியலான கிட் இக்னோரில் சேர்த்த பிறகும் பலகத்தில் அது மாறியதாகவே காட்டுகிறது.

கருந்திரை:

ஏற்கெனவே ஒரு முறை கமிட் ஆகிவிட்ட கோப்பை அந்தப் பட்டியல் கண்டுகொள்ளாது. 'கிட் ஆர்எம்' கட்டளையை 'கேஷ்டு' தெரிவோடு இயக்கினால் கோப்பு உங்கள் கணினியில் இருக்க, கிட் மட்டும் அதைக் கண்காணிப்பதை நிறுத்தும். ஆனால் அந்தக் கமிட்டை ஏற்கெனவே புஷ் செய்துவிட்டீர்கள் என்றால் முதல் வேலை அதுவன்று. கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். அடுத்த கமிட்டில் நீக்கினாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், களஞ்சியத்தைப் பெறும் எவரும் படிக்கலாம்.

முதற்கிளை:

நல்லவேளை, அந்தக் களஞ்சியம் இன்னும் எங்கும் போகவில்லை. இருந்தாலும் மாற்றிவிட்டேன்.

பழைய_கீபோர்டு:

சிறிய கமிட்டுகள் செய்யச் சொல்லி எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள், ஏன் என்று யாரும் காட்டுவதில்லை. 'கிட் பைசெக்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. நான் பயன்படுத்திய ஐடிஇ-களில் இதற்குப் பொத்தான் இருந்ததில்லை. நன்றாக ஓடிய ஒரு பழைய கமிட்டையும் பழுதான இன்றைய கமிட்டையும் கொடுத்தால், கிட் நடுவில் இருக்கும் ஒன்றை எடுத்துக் கொடுத்து இது நல்லதா கெட்டதா என்று கேட்கும். பதிலைப் பொறுத்துப் பாதியைத் தள்ளிவிட்டு மறுபடியும் நடுவுக்குப் போகும். இடையில் 1000 கமிட்டுகள் இருந்தாலும் ஏறத்தாழ 10 கேள்விகளில் பிழை நுழைந்த கமிட்டுக்கு வந்துவிடலாம். அந்தக் கமிட்டில் 12 வரிகள் இருந்தால் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. 'பல மாற்றங்கள்' என்ற செய்தியோடு 40 கோப்புகள் இருந்தால் தேடலை அங்கிருந்து புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

கருந்திரை:

இதற்காகவாவது டெர்மினலைத் திறக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்வீர்கள் அல்லவா, பச்சைக்கோடு?

பச்சைக்கோடு:

இதற்கு ஒப்புக்கொள்கிறேன். வரிவரியாக ஸ்டேஜ் செய்வதற்கு நீங்கள் ஐடிஇ-யைத் திறப்பதாக ஒப்புக்கொண்டால்.

முதற்கிளை:

ஒன்பதாவது கோப்பில் விடுபட்ட மாலைப் பகுதியை இன்று மீண்டும் எழுதி முடித்தேன். இம்முறை மூன்று கமிட்டுகளாகப் பிரித்தேன். பிரிப்பதை ஐடிஇ-யில் செய்தேன், பிறகு டெர்மினலில், கமிட்டுகளைப் பட்டியலிடும் 'கிட் லாக்' இயக்கி மூன்றும் வரிசையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டேன். சிங்க் பொத்தானை அமைப்புகளில் தேடிப் பிடித்து மறைத்துவிட்டேன், புல்லையும் புஷ்ஷையும் பட்டியலிலிருந்து தனித்தனியாக எடுக்கிறேன். அவுட்புட் பலகம் கீழே திறந்தே இருக்கிறது. வளைந்த அம்பை இன்றும் ஒரு முறை அழுத்த வேண்டி வந்தது. எந்த வரியில் இருக்கிறது என்று இரண்டு முறை பார்த்த பிறகே அழுத்தினேன்.